பெயரற்ற சிலையும் சிலையற்ற பெயர்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஊர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே செல்பவர் ஒரு பழம்போரின் கதையை வாசித்தவராவர் என்று அப்பகுதி முதியோர் சொல்வதுண்டு. பகைவரை அகப்படுத்திக்கொண்ட இடம் சத்துருக்கொண்டான். ஓடியவர் மீண்டும் ஏறி வாராதபடி காவல் வைத்த ஊர் ஏறாவூர். துரத்திச் சென்றவர் வந்து இளைப்பாறிய மூலை வந்தாறுமூலை. பிரிந்து சென்ற படையினர் ஒருவரையொருவர் சந்தித்த வெளி சந்திவெளி. இவ்வாறு வாவியின் மேல்கரையிலும் கீழ்கரையிலும் வழங்கும் பெயர்கள் பலவற்றுக்கு அவர்கள் பொருள் உரைப்பர்.

அப்போர் முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நிகழ்ந்தது. இருவரும் நீர்நிலைத் தொழிலை அறிந்த குலத்தினர். திமில் என்பது பழந்தமிழில் மீன்பிடி படகைக் குறிக்கும் சொல். திமிலர் என்ற பெயர் அதனடியாக வந்தது. வாவியின் மீதும் அதனைச் சூழ்ந்த நிலத்தின் மீதும் யார் தலைமை செலுத்துவது என்பதே வழக்கு. தனித்து வெல்ல இயலாத முக்குவர், வணிகத்தின் பொருட்டு அங்கு வந்திருந்த பட்டாணியர் என்னும் முஸ்லிம்களைத் துணைக்கு அழைத்தனர் என்றும், இரு சாராரும் சேர்ந்து திமிலரை வெருகல் வரையில் வடக்கே துரத்தினர் என்றும், வென்றபின் திமிலர் திரும்பி வாராதிருக்கும் பொருட்டுப் பட்டாணியரை ஏறாவூரில் குடியிருத்தி, அவர்களுக்குத் தம் குலத்துப் பெண்களை மணம் செய்து கொடுத்தனர் என்றும் கதை செல்கிறது. கூலி கொடுத்து அனுப்பிவிடாமல் பெண் கொடுத்து உறவாக்கிக்கொண்டனர் என்பதே இக்கதையின் உயிர்நிலை.

இனி ஒரு வினா எழுகின்றது. துணைக்கு அழைப்பது என்று தீர்மானித்தவர் யார்? அவ்வழைப்பை ஏற்றுப் படை திரட்டியவர் யார்? ஊரை வகுத்துக் குடிகளை இருத்தியவர் யார்? ஒரு நகரத்தின் அல்லது ஒரு பற்றின் தலைவராக நின்று இத்தகைய காரியங்களைச் செய்தவர்களை மேல்நாட்டார் சதுக்கத்தின் நடுவே வெண்கலத்தில் வார்த்து நிறுத்துவர். ஏறாவூரில் அத்தகைய சிலை ஒன்றும் இல்லை. அங்கே உள்ளவை பெயர்கள் மட்டுமே.

பெயர்கள் மட்டும் எஞ்சிய இவ்வூரிலிருந்து மேற்கே சென்றால், பெயர் இழந்த ஒரு சிலையைக் காணலாம். ஏறாவூர் வழியே செல்லும் புகையிரதப் பாதை பொலனறுவையை அடைகின்றது. அப்பழைய தலைநகரின் தெற்கே, பராக்கிரம சமுத்திரம் என்னும் பெருங்குளத்தின் கரையருகே, பொத்குல் விகாரை என வழங்கும் கட்டடச் சிதைவுகளுக்கு அணித்தாக, ஒரு பாறையின் முகத்தில் புடைப்பாகச் செதுக்கிய உருவம் நிற்கின்றது. உயரம் பதினோரடிக்குச் சற்று மேல். தாடியும் மீசையும் உடைய முதியவன் ஒருவன், தலையில் உயர்ந்த முடி, மேலாடை இல்லை, வயிறு சற்றே சரிந்து, உடலின் பாரம் ஒரு காலில் இறங்கியிருக்கின்றது. இரு கைகளாலும் வளைந்த ஒரு பொருளை ஏந்தி, அதனையே நோக்கியிருக்கின்றான். இலங்கையின் சிற்பங்களுள் இத்துணை மனிதத்தன்மை வாய்ந்தது வேறு இல்லை என்று துணிந்து கூறலாம். புத்தர் உருவங்களுக்கு உரிய அமைதியும் இதில் இல்லை. தெய்வ உருவங்களுக்கு உரிய அணிகலன்களும் இல்லை. உழைத்துக் களைத்த ஒரு பெரியவர் நிற்பதுபோலவே நிற்கின்றது.

இவர் யார்? பொதுமக்கள் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்பர். குளங்களைக் கட்டியும் பழுதுபார்த்தும் நாட்டை வளப்படுத்திய அவ்வரசன், தான் ஆக்கிய நீர்ப்பரப்பின் அருகே நிற்பது பொருத்தமே என்று அவர்கள் கருதுவது இயல்பு. தொல்லியல் ஆணையாளராயிருந்த செனரத் பரணவிதானவும் இஃது அரசனின் உருவமே என வாதித்தார். ஆனால் அரசனுக்குரிய அணிகளின்றி நிற்பவன் அரசனாவது எங்ஙனம் என்று வினவினோர், இவர் ஒரு முனிவர் என்றனர், அகத்தியர் என்றனர், நகருக்குப் பெயர் தந்த புலத்தியர் என்றனர். கையிலுள்ள பொருளைப் பற்றியும் இதே வழக்கு. ஏட்டுச் சுவடி என்பார் ஒருவர். பொத்குல் என்ற பெயரிலேயே புத்தகம் இருக்கின்றதே என்பார். அரசபாரத்தைக் குறிக்கும் நுகம் என்பார் வேறொருவர். பப்பாளிப் பழத்தின் ஒரு கீற்று என்று வேடிக்கை பேசுவோரும் உளர். உற்று நோக்கினால் அவர்களையும் முற்றிலும் பழிப்பதற்கில்லை.

கல்லில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இத்தனை விவாதமும் வேண்டியிராது. எழுதியவர் எவரும் இலர். ஆயினும் நாடு காத்திருக்கவில்லை. 1965இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களில் இவ்வுருவம் பராக்கிரமபாகு என்றே அச்சிடப்பட்டது. அறிஞர் முடிவு செய்யாததைப் பணத்தாள் முடிவு செய்துவிட்டது. அரசன் ஒருவனுக்கு முகம் தேவைப்பட்டது. கிடைத்த முகம் அவனுக்கு உரியதாயிற்று.

பொலனறுவைக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள தொடர்பு புகையிரதப் பாதையோடு முடிந்துவிடுவதில்லை. 1215இல் கலிங்க மாகன் பெரும்படையுடன் வந்து அந்நகரைக் கைப்பற்றினான். அப்படையில் கேரளத்தார் மிகுதியாக இருந்தனர் என்பது சிங்கள, பாளி நூல்களின் கூற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவன் ஆட்சி நிலைத்தது. மலையாளக் கரையிலிருந்து வந்தோராகக் கருதப்படும் முக்குவர் கீழ்மாகாணத்தில் தலைமை பெற்றது அக்காலத்தை ஒட்டியே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். மட்டக்களப்பு மான்மியம் என்னும் நூலிலும் மாகோன் பெயரும் அவன் வகுத்த முறைகளும் பேசப்படுகின்றன. ஏடுகளில் இருந்த அந்நூலை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்தார். அதனை வரலாற்று நூல் எனக் கொள்வதா, குலப்பெருமை உரைக்கும் நூல் எனக் கொள்வதா என்பது தனி ஆராய்ச்சி. எனினும் பராக்கிரமபாகு கட்டிய நகரம் வீழ்ந்ததும் வாவிக்கரையில் புதிய தலைமை எழுந்ததும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள் என எண்ண இடமுண்டு.

நகரத் தலைவன் ஒருவனுக்குச் சிலை எழுப்புவது என்றால் என்ன என்பதைத் தெளிவாகக் காண விரும்புவோர் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும். பெல்சிய நாட்டின் கென்ற் நகரிலே வெள்ளிக்கிழமைச் சந்தை என்னும் பெரிய சதுக்கத்தின் நடுவில் யாக்கொப் வான் ஆட்டவெல்டே என்பவரின் வெண்கலச் சிலை ஒரு கையை நீட்டி நிற்கின்றது. கை காட்டுவது இங்கிலாந்து இருக்கும் திசை என்பர்.

அவர் அரசருமல்லர், பிரபுவுமல்லர், செல்வமிக்க நகரத்தார். பதினான்காம் நூற்றாண்டில் கென்ற் நகரம் துணி நெய்தலால் வாழ்ந்தது; நெசவுக்கு வேண்டிய ஆட்டுமயிர் இங்கிலாந்திலிருந்து வந்தது. பிளாண்டேர்ஸ் நாட்டுப் பிரபு பிரான்சிய மன்னனுக்கு அடங்கியவன். இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேட் பிரான்சுடன் பகைகொண்டு 1336இல் ஆட்டுமயிர் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டான். தறிகள் நின்றன. மருதமுனையில் நூல் வராமல் தறி நின்ற நாட்களை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிரபுவின் விசுவாசம் யாருக்கு என்பது நெசவாளன் வீட்டு அடுப்புக்குத் தெரியாது. 1338 தை மாதத்தில் நகரத்தார் ஆட்டவெல்டேயைத் தலைமைத் தளபதியாக்கினர். அவர் நடுநிலை என்ற பெயரால் இங்கிலாந்துடன் பேசி ஆட்டுமயிரைத் திரும்பப் பெற்றார். புறூச், ஈப்பிர் ஆகிய ஏனைய நகரங்களையும் ஒன்று சேர்த்தார். 1340 தையில் எட்வேட் தன்னைப் பிரான்சின் அரசனெனப் பிரகடனஞ் செய்தது இதே வெள்ளிக்கிழமைச் சந்தையிலேதான். அவன் மகன் ஒருவன் அவ்வாண்டு அந்நகரிலேயே பிறந்து, கென்ற் நகரின் பெயராலேயே கோன்ற் யோன் என ஆங்கில வரலாற்றில் வழங்கப்பட்டான்.

ஏழாண்டுகள் நகரம் அவர் சொற்படி நடந்தது. பின்னர் உட்பகை மூண்டது. நெய்வோரும், துணியை மிதித்துத் துவைத்துப் பதப்படுத்துவோரும் கூலியின் பொருட்டு மோதினர். 1345 மே மாதம் 2ஆம் நாள், அதே சந்தையில், நெய்வோர் துவைப்போரைக் கொன்று குவித்தனர். அந்நாளைக் கெட்ட திங்கட்கிழமை என்றே அந்நகரத்தார் வழங்கினர். ஆட்டவெல்டேயால் அதனைத் தடுக்க இயலவில்லை. நாட்டை ஆங்கில இளவரசனுக்குக் கொடுக்கப் போகின்றார் என்ற ஐயமும் பரவியது. ஆடி மாதத்தில் நகரத்தாரே அவரைக் கொன்றனர்.

கொன்ற நகரம் சிலை வைத்தது எப்போது? ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1863இல். பெல்சியம் 1830இல் தனிநாடாயிற்று. புதிய நாட்டுக்குப் பழைய வீரர் வேண்டியிருந்தனர். சிற்பி டி விஞ் வார்த்த சிலையை அரசன் முதலாம் லியோபோல்ட் திறந்து வைத்தான். தம் பிரபுவை மீறி நின்ற ஒருவருக்கு ஓர் அரசன் சிலை திறந்ததில் உள்ள முரண்பாட்டை அன்று யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை போலும். வெண்கல மனிதரின் முகம் உண்மையான ஆட்டவெல்டேயின் முகமன்று. அதனை அறிந்தவர் எவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலர். பொலனறுவையில் முகம் இருந்தது, பெயரைப் பின்வந்தோர் சேர்த்தனர். கென்றில் பெயர் இருந்தது, முகத்தைப் பின்வந்தோர் சேர்த்தனர். இரண்டும் நினைவு கூரப்பட்ட காலத்தை விட நினைவு கூர்ந்த காலத்தையே மிகுதியாகக் காட்டுகின்றன.

தமிழர்க்கு மாந்தரைக் கல்லில் நிறுத்தும் வழக்கம் இல்லாமலில்லை. போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லெடுத்து, நீர்ப்படுத்தி, நட்டு, பெயரும் பீடும் எழுதும் முறையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் ஆநிரை மீட்டு இறந்த எளிய வீரர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அரசனல்லாதவனுக்கு உருவம் அமைத்த மரபு அது. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1974இல் சங்கிலியனுக்குச் சிலை எழுந்ததையும், அது 2011இல் புதுப்பிக்கப்பட்டதையும் நேயர்கள் அறிவர். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கரையில் இம்மரபு பெரிதாக வேரூன்றவில்லை. ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊரிலோ உருவம் வைத்து ஒருவரைக் கனம்பண்ணுதல் மார்க்கத்துக்கு ஒவ்வாதது. அங்கே சிலையைத் தேடுவதே பிழையான தேடல்.

அவ்வாறாயின் தலைவர்களை அவர்கள் எவ்வாறு நினைவில் வைத்தனர்? இதற்கு விடை குடி என்னும் சொல்லில் இருக்கின்றது. கீழ்மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக எண்ணப்படும் குடிகளாகப் பிரிந்திருக்கின்றனர். ஒருவன் தந்தையின் குடியைச் சேர்ந்தவனல்லன். தாயின் குடியைச் சேர்ந்தவன். ஒரே குடிக்குள் மணம் கொள்வதில்லை. கோயில் திருவிழாவில் இன்ன நாட் பூசை இன்ன குடிக்கு, இன்ன வரிசை இன்ன குடிக்கு என்று வகுக்கப்பட்டிருக்கும். கோயிற் பொறுப்பை ஏற்கும் வண்ணக்கரைக் குடிகளே தெரிந்தன. பள்ளிவாசல் பொறுப்பை ஏற்கும் மரைக்காயரையும் அவ்வாறே குடிகளே தெரிந்தன. ஒரு சமயம் கோயிலையும் மற்றது பள்ளிவாசலையும் நடத்தியபோதும் நடத்திய முறை ஒன்றாயிருந்தது. வயற்பரப்பை ஆண்ட போடிமாரும் இரு சாராரிலும் இருந்தனர்.

இக்குடிமுறையின் சொத்துரிமையை முக்குவச் சட்டம் என்று வழங்கினர். 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். பரம்பரைச் சொத்து ஆண்மகனிடமிருந்து அவன் பிள்ளைகளுக்குச் செல்லாமல் உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குச் செல்லும் அம்முறை, ஆங்கிலேயர் சட்டத்தின் முன் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் சட்டம் மறைந்த பின்னரும் பழக்கம் மறையவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணம் முடிப்பது இன்றும் வாவிக்கரைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. மணமகன் மனைவியின் வீட்டுக்கே குடிபோகின்றான். மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தந்தையும் அண்ணன்மாரும் ஆண்டுக்கணக்கில் உழைப்பதை ஏறாவூரிலும் காணலாம், செங்கலடியிலும் காணலாம்.

பட்டாணியருக்குப் பெண் கொடுத்த கதைக்கு இவ்வழமைகளே சான்று என்பார் உளர். தாயின் குடி பிள்ளைக்கு வருமாயின், முக்குவத் தாயின் குடி முஸ்லிம் பிள்ளைக்கு வந்ததில் வியப்பில்லை என்பது அவர்கள் வாதம். அழகிய வாதம்தான், ஆயினும் முடிந்த முடிபன்று. கேரளக் கரையில் மாப்பிள்ளை முஸ்லிம்களிடையேயும் தாய்வழி முறை உண்டு. முக்குவரைப்போல முஸ்லிம்களும் அதனை அங்கிருந்தே கொண்டு வந்திருக்கலாம். மேலும் ஏட்டில் பதிந்த வரலாறு வேறொரு செய்தியையும் தருகின்றது. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அதற்கு முன்னரே முஸ்லிம்கள் அங்கு இருந்தனர் என்பதையே அச்செய்தியும் உணர்த்துகின்றது என்பர். உறவினர் இல்லாத இடத்துக்கு அத்துணை பேரை அனுப்புதல் எளிதன்று. ஊர்ப்பெயர் விளக்கங்களையும் இவ்வாறே எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஊர்ப்பெயர் முந்தியதாகவும் அதற்குச் சொல்லும் கதை பிந்தியதாகவும் இருப்பது எங்கும் உள்ள வழக்கம். ஏறாவூர் என்ற சொல் போருக்கு முன்னரே வேறு பொருளில் வழங்கியிருக்கக்கூடும்.

அவ்வாறாயின் கதையைத் தள்ளிவிடலாமா? தள்ளுதல் கூடாது. நிகழ்ந்ததை அன்றி, நிகழ்ந்ததாக மக்கள் ஏற்றுக்கொண்டதை அது காட்டுகின்றது. இரண்டு சமயத்தார் அடுத்தடுத்து வாழும் ஒரு நாட்டில், தாம் எவ்வாறு அயலவராயினோம் என்று இரு சாராரும் ஒரே கதையைச் சொல்லுதல் சிறிய காரியமன்று. அக்கதையில் ஒருவர் மற்றவரை வென்று குடியேறவில்லை. அழைத்து, துணைநின்று, பெண் கொடுத்து, ஊர் கொடுத்து அயலவராயினர். தமிழர் சொல்லும்போது முக்குவர் சற்றுப் பெரியவராகவும், முஸ்லிம்கள் சொல்லும்போது பட்டாணியர் சற்றுப் பெரியவராகவும் தோன்றுவர். உறவினர் ஒரே கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதும் அவ்வாறுதான் நிகழும்.

1990ஆம் ஆண்டு அக்கதையின்மேல் இருள் படிந்தது. ஆவணி மாதத்து ஓரிரவில் ஏறாவூரிலும் அயற்கிராமங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அதனையடுத்த ஊர்களிலும் தமிழர் 184 பேர் கொல்லப்பட்டதைப் பின்னர் விசாரணை ஆணைக்குழு பதிவு செய்தது. பழங்கதையின் முதலிரண்டு ஊர்களும் இவையே. பல தலைமுறையாகப் பகைவர் பெயரை மட்டுமே நினைவூட்டி வந்த ஊர்ப்பலகைகள் அன்றிலிருந்து வேறொன்றையும் நினைவூட்டத் தொடங்கின. கொல்லப்பட்டோர் நினைவாக அவ்வூர்களில் ஆண்டுதோறும் கூடுவோர் உளர். சதுக்கத்தில் வெண்கல மனிதன் நிற்கும் நினைவு அதுவன்று. பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும் நினைவு.

ஏறாவூரும் செங்கலடியும் இன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ஏறாவூர்ப் பற்று என்னும் நிர்வாகப் பிரிவின் செயலகம் செங்கலடியில் இருக்கின்றது. முஸ்லிம் ஊரின் பெயரைத் தாங்கிய பற்றின் அலுவல் தமிழ் ஊரில் நடைபெறுகின்றது. வயலுக்கு நீர் விடுவதற்கும் நெல் விற்பதற்கும் ஒருவரையொருவர் தேடிச் செல்லாமல் இருவருக்கும் ஆகாது.

இவ்வளவும் வென்றவர் கதை. தோற்ற திமிலரின் கதையைச் சொல்வார் இல்லை. அவர்கள் எதற்காகப் பொருதனர், எத்தனை பேர் வெருகலைக் கடந்தனர், எத்தனை பேர் வேறு குலப்பெயர் பூண்டு வாவிக்கரையிலேயே தங்கிவிட்டனர் என்பதைப் பற்றி வென்றோர் ஏடுகள் பேசுவதில்லை. ஆயினும் மட்டக்களப்பு நகரை அடுத்து, வாவியின் நீர் சூழ்ந்த ஓரிடத்துக்குத் திமிலைதீவு என்றே இன்றளவும் பெயர். அவ்வூரில் தோன்றிய கவிஞர் ஒருவர் திமிலைத்துமிலன் என்னும் புனைபெயரால் ஈழத்து இலக்கிய உலகில் நன்கு அறியப்பட்டார்.